பாடக்குறிப்பில் வசனம் எழுதினால் போதுமா? கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி

கேள்வி இது: கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் பள்ளி ஆசிரியர்களை எப்படிப் பயிற்றுகிறார்கள்? மற்ற இடங்களில் தரும் பயிற்சிக்கும் இதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? அங்கே படித்தவர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்க முடியுமா?

கடைசிப் பகுதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். முடியும். கற்பிக்கும் தகுதியைத் தீர்மானிப்பது அந்தந்த நாட்டு அரசோ அது நியமித்த அமைப்போதான். பல்கலைக்கழகத்தைத் திருச்சபை நடத்துகிறதா, அறக்கட்டளை நடத்துகிறதா என்பது அங்கே கணக்கில் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு, ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. முதலாவதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாத விளம்பரக் கையேடுகள் உண்டு. எந்தப் பாடத்துக்கு, எந்த வகுப்பு வரைக்கும், எந்த ஆண்டு சேர்பவர்கள் வரை அந்த அங்கீகாரம் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிறிஸ்தவப் பள்ளிகளின் கூட்டமைப்புகள் தாங்களே தரும் சான்றிதழ்களும் சில நாடுகளில் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளுக்கு வெளியே அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கேட்க முடியாது.

இனி முதல் இரண்டு கேள்விகள். ஆசிரியருக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணமே கிறிஸ்தவ நிறுவனங்களோடு சேர்ந்து வளர்ந்ததுதான். பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் 1685இல் தெ லசால் என்ற கத்தோலிக்கக் குரு தொடங்கியதை ஐரோப்பாவின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். நம் பக்கம் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1716இல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். தெ லசால் செய்த மாற்றங்கள் இன்று சாதாரணமாகத் தெரியும்: லத்தீனை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சு மொழியில் வாசிக்கக் கற்பித்தது, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்காமல் வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தியது. அவருடைய ஆசிரியர்கள் வகுப்பில் முடிந்தவரை பேசுவதில்லை. கையடக்கமான ஒரு கருவியைத் தட்டி, 'அடுத்தவர் வாசிக்கலாம்', 'பிழை, திரும்பச் சொல்' என்று சைகையிலேயே நடத்தினார்கள். ஆசிரியர் குறைவாகப் பேசினால் பிள்ளைகளுக்கு அதிக வேலை கிடைக்கும் என்ற கணக்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. இன்றைய பயிற்சி மாணவர்களுக்கு அதைப் புரியவைக்க இன்னும் இரண்டு ஆண்டு ஆகிறது.

ஏன் அவ்வளவு காலம்? பயிற்சிக்கு வருகிறவர் வெறும் கையோடு வருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதியது இன்றும் பொருந்தும்: பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்த்ததெல்லாம் மேடையில் நடந்தது மட்டும். ஆசிரியர் முந்தின இரவு என்ன யோசித்தார், ஏன் அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டார், எதை வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பது எதுவும் கண்ணில் பட்டதில்லை. ஆகவே முதல் நாள் வகுப்பில் நிறுத்தினால் தன் பழைய ஆசிரியரின் குரலில் பேசத் தொடங்கிவிடுவார். கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களிடம் இதோடு இன்னொன்றும் கூட வரும்: ஞாயிறு பள்ளியில் கதை சொல்லிப் பழகிய அனுபவம். அது ஒரு பெரிய வரம்தான்; குரல் இருக்கும், கூச்சம் இருக்காது. ஆனால் ஞாயிறு பள்ளியில் பிள்ளை கற்றதா என்று சோதிக்கும் தேவை இல்லை. கதை நன்றாகப் போனால் வகுப்பு நன்றாகப் போனது என்ற பழக்கம் அங்கே ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுப்பதுதான் முதல் ஆண்டு வேலை.

நல்ல இடங்களில் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் வகுப்பைப் பார்ப்பது. 'போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று அனுப்பினால் ஒன்றும் நடக்காது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்ப வேண்டும். இன்று இருக்கை வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு எத்தனை கேள்வி போனது என்று கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை, ஆசிரியர் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாற எத்தனை நிமிடம் ஆனது, அந்த நேரத்தில் கடைசி பெஞ்சு என்ன செய்தது என்று குறியுங்கள். பிறகு 2, 3 பிள்ளைகளுக்குத் தனியாக வாசிப்போ கணக்கோ சொல்லிக்கொடுப்பது. பிறகு நுண்நிலைக் கற்பித்தல், அதாவது சக பயிற்சி மாணவர்களையே வகுப்பாக வைத்து, சில நிமிடம் மட்டும் பாடம் எடுத்துப் பழகுவது. அதன் பின் வழிகாட்டி ஆசிரியரோடு சேர்ந்து பாடம் எடுப்பது, கடைசியில் முழு வகுப்பு.

பள்ளியில் தங்கும் காலம் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2014 விதிகளின்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளியோடு தொடர்புள்ள வேலை மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வர வேண்டும். 16 வாரம் கிடைத்தால் அதை இப்படிப் பிரித்தால் தாங்கும்: முதல் 2 வாரம் பெயர்களைக் கற்பது, வருகைப் பதிவு, நோட்டு விநியோகம் போன்ற ஒரு சிறு பொறுப்பை ஏற்பது. 3, 4ஆம் வாரம் நாளுக்கு ஒரு பாடவேளை. 5 முதல் 8 வரை இரண்டு. 9 முதல் 13 வரை அந்த ஆசிரியரின் முழுச் சுமை. கடைசி 3 வாரத்தில் வகுப்பைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்ப்பது. கடைசி வாரம்வரை முழுச் சுமையை இழுத்துவிட்டு மறுநாள் தேர்வெழுதப் போனால், கற்றதை உட்கார்ந்து யோசிக்க நேரமே இருக்காது.

இந்தக் காலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே காரணம்தான்: விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாளாகப் பயிற்சி மாணவரைப் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கு இலவச ஆள், பல்கலைக்கழகத்துக்கு மறுத்துப் பேசக் கூச்சம். ஒரே திருச்சபை நடத்தும் பள்ளியும் பல்கலைக்கழகமும் என்றால் அந்தக் கூச்சம் இரட்டிப்பாகும். 'நம்ம பள்ளிக்கூடம்தானே' என்பார்கள். வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரம் பயிற்சி நேரமாகக் கணக்கில் சேராது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிரச்சினை பாதி தீரும்.

நுண்நிலைக் கற்பித்தல் 1963இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. இந்தியாவில் பரவலாகப் பின்பற்றும் முறையில் ஒரு சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 கருத்துக் கேட்டல், 12 மறுதிட்டம், 6 மறுபடி கற்பித்தல், 6 மறுபடி கருத்து. ஒரு சுற்றில் ஒரே ஒரு திறன்தான்: கேள்வியைத் துருவிக் கேட்பது, உதாரணம் சொல்வது, கரும்பலகையைப் பயன்படுத்துவது, இப்படி ஏதாவது ஒன்று. நடைமுறையில் மறுதிட்டமும் மறுகற்பித்தலும் நேரம் இல்லை என்று வெட்டப்படும். வெட்டினால் மிச்சமிருப்பது ஒரு சிறிய பேச்சுப் போட்டி. முதல் முறை தெரிந்த குறையை அரை மணிக்குள் திருத்திப் பார்ப்பதுதான் இதன் உயிர்.

இன்னொரு குறை, பிள்ளைகளாக நடிக்கும் சக பயிற்சி மாணவர்கள் எல்லாக் கேள்விக்கும் அழகாகப் பதில் சொல்லிவிடுவது. அன்பான கல்லூரிகளில் இது அதிகம். இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு: ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். ஒன்றில் 'பின்னங்களைக் கூட்டும்போது மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டுவீர்கள்', இன்னொன்றில் 'கேட்டால் மட்டும் பேசுவீர்கள், அதுவும் ஒரே சொல்', மூன்றாவதில் 'முதல் கேள்விக்கே விடை கத்திவிடுவீர்கள்'. சீட்டைப் பாடம் எடுப்பவருக்குக் காட்டக் கூடாது. நிஜ வகுப்பின் வாடை அப்போதுதான் வரும்.

பாடக்குறிப்பு எழுதுவதில் அதிகம் தடுக்கிவிழும் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு, பின்னங்களைக் கூட்டல், 40 நிமிடம். 'மாணவர்கள் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்' என்று நோக்கம் எழுதியிருக்கும். புரிந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? 'பகுதி வெவ்வேறாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டும் 5 கணக்கில் 4 சரியாகச் செய்வர். ஒன்றையாவது படம் வரைந்து விளக்குவர்' என்று எழுதினால் பாடம் முடிந்ததும் கையில் சான்று இருக்கும். அடுத்து, பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதைக் குறிப்பிலேயே எழுத வேண்டும். 1/2 + 1/3 என்றால் ஒரு கூட்டம் நிச்சயம் 2/5 என்று எழுதும். தொகுதியையும் பகுதியையும் தனி எண்களாகப் பார்ப்பதால் வரும் பிழை அது. 'தப்பு, உட்கார்' என்றால் பிழை உள்ளேயே தங்கிவிடும். '2/5 அரையைவிடப் பெரிதா சிறிதா? அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறையுமா?' என்று கேட்டால் பிள்ளையே தன் விடையைச் சந்தேகிக்கும். பாடம் தெரிந்தவருக்கும் பாடம் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் உள்ள இடைவெளி இந்த ஒரு கேள்விதான். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இதைத் தனி வகை அறிவாகவே பிரித்துக் காட்டினார். கணிதத்தில் முதுகலை முடித்தவரிடமும் இது தானாக வந்துவிடாது. ஆகவே கணிதத் துறையும் கல்வியியல் துறையும் ஒருவரோடொருவர் பேசாத பல்கலைக்கழகத்தில் பயிற்சி நொண்டும்.

இப்போது விசுவாசத்துக்கு வருவோம். கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் பாடக்குறிப்பில் 'விசுவாச ஒருங்கிணைப்பு' என்று ஒரு கட்டம் இருப்பது வழக்கம். மேலே சொன்ன பின்னப் பாடத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்? ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதை. கூட்டல் குறியைச் சிலுவையோடு ஒப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். அப்பக் கதையில் பின்னமே கிடையாது, மிச்சம்தான் இருக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்படி ஒட்டவைப்பது பாடத்தையும் கெடுக்கும், வசனத்தையும் மலிவாக்கும். அந்தக் கட்டத்தில் எழுதத் தகுந்தது வேறு: 2/5 என்று எழுதிய பிள்ளையை வகுப்பு முன் சிரிக்க விடாமல் எப்படிக் காப்பது, அந்தப் பிழையை எல்லோருக்கும் பயன்படும் கேள்வியாக எப்படி மாற்றுவது, மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கு இன்று எந்தக் கேள்வியை வைத்திருப்பது. ஒவ்வொரு மனிதரும் கடவுளின் சாயல் என்று சேப்பலில் (வளாகத்து ஆலயத்தில்) பாடிவிட்டு வந்தவரின் இருக்கை வரைபடத்தில் கேள்வி முழுவதும் முன் பெஞ்சுக்கே போயிருந்தால், அதை மேற்பார்வையாளர் காகிதத்தில் காட்டிக் கேட்க வேண்டும். வேறுபாடு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. இங்கே இல்லையென்றால் கட்டத்தில் எத்தனை வசனம் எழுதினாலும் இல்லை.

சில பாடங்கள் தாமாகவே விசுவாசக் கேள்விகளை எழுப்பும். அங்கே ஒட்டவைக்கத் தேவையே இல்லை, ஒளிந்துகொள்ளாமல் இருந்தால் போதும். அடிமை வணிகத்தைப் பாடம் எடுக்கிறவர், பிரிட்டன் 1807இல் அந்த வணிகத்தைத் தடை செய்ததில் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் போன்ற கிறிஸ்தவர்களின் பங்கைச் சொல்வார். அடிமைகளை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போனவர்கள்தான், வேதாகமத்தை வைத்தே அதை நியாயப்படுத்தினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். உயிரியல் பயிற்சி மாணவருக்குப் பரிணாமம் வரும். பாடத்திட்டத்தில் உள்ளதை முழுமையாகவும் சரியாகவும் கற்பிக்கத் தெரியாதவருக்குப் பல்கலைக்கழகம் தேர்ச்சி போடக் கூடாது. தன் சொந்த இறையியல் கேள்விகளை அவர் பல்கலைக்கழக வகுப்பில் பேராசிரியரோடு தீர்த்துக்கொள்ளட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதற்கு இடமில்லை. நல்ல பல்கலைக்கழகத்தில் அந்த விவாதத்துக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஒதுக்காத இடத்தில் படித்தவர் அந்தப் பாடத்தை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப் போய்விடுவார்.

பள்ளியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற சட்டம் பயிற்சிக்குப் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின்படி முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், சம்மதம் இல்லாமல் யாரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது, பிள்ளை வயது வராதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பள்ளி நடத்தும் ஜெபத்தை 1962இலும், பக்திக்காக பைபிள் வாசிக்கவைப்பதை 1963இலும் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் சமயங்களைப் பற்றிப் பாடமாகப் படிப்பதை அது தடுக்கவில்லை. 'சமயத்தைப் போதிப்பது', 'சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது' என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு பயிற்சி மாணவருக்குத் தூக்கத்திலும் தெரிய வேண்டும். ஆசிரியருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எழுந்து போக முடியாது. மதிப்பெண்ணும் அவர் கையில்தான். அப்படிப்பட்ட இடத்தில் சொல்லும் நற்செய்தி சட்டத்தால் மட்டுமல்ல, அதன் சொந்த அளவுகோலாலும் நியாயமாகாது.

இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நடித்துப் பழகவைக்க வேண்டும். கணக்கு வகுப்பு நடுவே ஒரு பிள்ளை கேட்கிறது: "சார், நீங்க கிறிஸ்டியனா? எங்க வீட்டுல சாமி கும்பிடறது தப்பா?" பயிற்சி மாணவர்களில் ஒரு சாரார் திகைத்து மழுப்புவார்கள், இன்னொரு சாரார் பத்து நிமிடம் சாட்சி சொல்லத் தொடங்குவார்கள். பழக வேண்டிய பதில் மூன்று வரிதான்: "ஆமாம்பா, நான் கிறிஸ்தவன். உங்க வீட்டு வழிபாட்டைப் பத்தி அம்மா அப்பாகிட்டயே கேளு, அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இப்ப நாலாவது கணக்கைப் பார்ப்போம்." பொய் இல்லை, வீட்டை இழிவாகப் பேசவில்லை, பாடமும் நிற்கவில்லை. இதே மாதிரி ஒரு ஏழெட்டுச் சூழலை எடுத்து, ஒவ்வொருவரும் இரண்டு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றாவது, பயிற்சி மாணவரின் சமயத்தவர் சிறுபான்மையாக இருக்கும் பள்ளியாக இருப்பது அவசியம். சொந்தத் திருச்சபைப் பள்ளியிலேயே படித்து, அதே திருச்சபைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அதே வளாகப் பள்ளியில் பயிற்சி முடித்தவருக்கு, காலையில் ஜெபம் செய்யாத வகுப்பு ஒன்றை எப்படித் தொடங்குவது என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி கேட்கும் கலைக்கு இன்னும் கொஞ்சம் இடம் தர வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்தார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்கள் வாய் திறக்கிறார்கள். 3 நொடி என்பது கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். வகுப்பு முன் நின்று பார்த்தால் அது யுகம். மனதுக்குள் எண்ணச் சொல்லிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் பயிற்சி மாணவர் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடுவார். வரிசையும் முக்கியம்: முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, கடைசியில் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார் என்று அளக்க ஃப்ளாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. அதில் 3 நொடிக்கு ஒரு முறை வகுப்பில் நடப்பதை 10 வகைகளில் ஒன்றாகக் குறிப்பார்கள். 7 ஆசிரியர் பேச்சு, 2 மாணவர் பேச்சு, 1 மௌனமோ குழப்பமோ. முழுப் பாடவேளைக்கும் தேவையில்லை, 10 நிமிடம் குறித்தால் 200 எண் கிடைக்கும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு 'நான் அதிகம் பேசவில்லையே' என்று யாரும் வாதாட மாட்டார்கள்.

பாடம் முடியும் முன் அரைத்தாள் கொடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை வாங்குவது இன்னொரு நல்ல பழக்கம். 40 தாளைத் திருத்த வேண்டியதில்லை; புரிந்தது, அரைகுறை, புரியவில்லை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும், பத்து நிமிடத்துக்குள் முடியும். அடுத்த நாள் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது என்பதை நடு அடுக்கு சொல்லிவிடும். 40 நோட்டையும் வரி வரியாகத் திருத்தினால், நோட்டுக்கு 2 நிமிடம் என்றாலும் 80 நிமிடம். அதை நாளுக்கு மூன்று வகுப்புக்குச் செய்யச் சொல்லிப் பழக்கினால், வேலைக்குப் போன மூன்றாம் மாதம் சிவப்பு மையில் டிக் மட்டும் போடுகிற ஆளாகிவிடுவார்.

மேற்பார்வையில்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சறுக்குகின்றன. ஒரு பேராசிரியர் 20 பேரைப் பார்க்க வேண்டும் என்றால் பதிவேட்டில் கையெழுத்துதான் நடக்கும். 6 முதல் 8 பேர் என்பது செய்யக்கூடிய அளவு. ஒரு பருவத்தில் ஒருவரை 5, 6 முறை பார்க்க வேண்டும், அதில் இரண்டு முறை அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டும். நேற்று சொன்னது இன்று மாறியதா என்பது அப்போதுதான் தெரியும். வகுப்பில் இருக்கும்போது தீர்ப்பு எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். 'வகுப்புக் கட்டுப்பாடு போதாது' என்பது தீர்ப்பு, '10.14: குழு வேலை அறிவிப்பு, எந்தக் குழு எங்கே என்று சொல்லவில்லை, 10.19க்குத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள்' என்பது சான்று. அதே நாளில் 20 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும், முதலில் பயிற்சி மாணவர் பேசட்டும். முடிவில் திருத்த வேண்டிய ஒரே ஒரு விஷயம், அடுத்த வகுப்பில் அதை எப்படிச் செய்வார் என்ற ஒரு வரி. முப்பது அம்சங்களுக்கு மதிப்பெண் போட்ட படிவத்தைக் கையில் கொடுத்தால் அவர் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பார்.

கிறிஸ்தவ வளாகங்களுக்கே உரிய ஒரு நோய் இங்கே வரும்: நல்லவர்களாக இருப்பது. மனம் புண்படக் கூடாது என்று எல்லோருக்கும் நூற்றுக்கு 90க்கு மேல் போட்டுவிடுவார்கள். தேறாத ஒருவரைத் தேற்றிவிடுவது அன்பு மாதிரித் தெரியும். அதற்கு விலை கொடுப்பது அவரிடம் முப்பது ஆண்டு படிக்கப்போகும் பிள்ளைகள். செய்ய வேண்டிய முறை கடினமானதல்ல. பயிற்சியின் பாதிக்குள் குறையை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்மொழியாக அல்ல. 3 வாரம் கொண்ட ஒரு திருத்தத் திட்டம், அதில் இரண்டு அல்லது மூன்று இலக்கு மட்டும். முடிவில் இரண்டு பேர் தனித்தனியாக வகுப்பைப் பார்க்க வேண்டும், ஒருவர் அவரை முன்பின் தெரியாதவராக இருக்கட்டும். தேறவில்லையென்றால் கற்பிக்கும் தகுதி இல்லாத வேறொரு பட்டமாக மாற்றிக்கொண்டு வெளியேறும் வழி முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும். அந்த வழி இல்லாத இடத்தில்தான், நான்காண்டு கட்டணம் கட்டியவரை எப்படி நிறுத்துவது என்ற பரிதாபத்தில் தேர்ச்சி போடப்படும்.

இதோடு ஒட்டியது 'அழைப்பு' என்ற சொல். ஆசிரியப் பணி ஒரு தேவ அழைப்பு என்பது இந்தப் பல்கலைக்கழகங்களின் அடித்தளம். சோர்ந்த நாளில் அது தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் அது மூன்று விதமாகத் தவறாகப் பயன்படும். அழைப்பு இருக்கிறது, ஆகவே திறமை தானாக வரும் என்று பயிற்சி மாணவர் நம்புவது முதலாவது. குறைந்த சம்பளத்துக்கும் கூடுதல் வேலைக்கும் நிர்வாகம் அதைக் காரணமாகச் சொல்வது இரண்டாவது. இனி முடியவில்லை என்று உணர்கிறவர், வேலையை விட்டால் அழைப்பை மறுத்ததாகிவிடுமோ என்று குற்றவுணர்வில் உழல்வது மூன்றாவது. நியமன ஆணையை எப்படி வாசிப்பது, விடுப்பும் வேலை நேரமும் எவ்வளவு, எதற்கு மறுப்புச் சொல்லலாம் என்பதையும் பாடமாக வைக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. வைத்திருந்தால் அது நல்ல அறிகுறி. வேதபாட வகுப்பும் சேப்பலும் பயிற்சி மணி நேரத்துக்குள் கணக்குக் காட்டப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள். அவை தனியாக இருக்க வேண்டும்.

ஒழுங்கு பற்றி இத்தாலியக் கத்தோலிக்கக் குரு டான் போஸ்கோ (1815–1888) வைத்த முறை சமயம் கடந்து பயன்படும். பகுத்தறிவு, சமயம், அன்பு என்ற மூன்றை வைத்து, தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட நடக்கும் முன் உடனிருந்து தடுப்பது என்றார். விளையாட்டு மைதானத்தில் ஆசிரியர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பயிற்சிக்கு இதை இறக்கினால் மிகச் சாதாரணமான விஷயங்களாகத்தான் இருக்கும்: மணி அடிக்கும் முன் வகுப்பு வாசலில் நின்று பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது, கரும்பலகையில் முதல் வேலை ஏற்கெனவே எழுதியிருப்பது, சத்தம் போடுபவரைத் தூரத்திலிருந்து கத்தாமல் அருகில் போய் மெதுவாகப் பேசுவது, ஒரு பிள்ளை வரம்பு மீறிப் பேசினால் அன்று மாலைக்குள் தனியாகக் கூப்பிட்டு முடித்துவிடுவது. அடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலில் பிரம்பைப் பற்றி வரும் வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்னும் இருப்பதால் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் பாதுகாப்பை ஒரு நாள் கருத்தரங்கோடு முடித்துவிடக் கூடாது. தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருப்பதில்லை, சொந்தக் கைபேசி எண்ணிலிருந்து செய்தி அனுப்புவதில்லை, தனியாக வாகனத்தில் அழைத்துப் போவதில்லை. ஒரு பிள்ளை, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் சொல்வேன்" என்று வந்தால், அந்த வாக்குறுதியைத் தரக் கூடாது. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதுதான் பதில். துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012இன் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தெரிவிக்காமல் விட்டால் தண்டனை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் போதகராக இருக்கலாம், மூத்த ஆசிரியராக இருக்கலாம். 'மன்னித்துவிடுவோம், சபையின் பெயர் கெட வேண்டாம்' என்று உள்ளுக்குள் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரமில்லை. மன்னிப்பு பற்றி அதிகம் பேசும் இடம் என்பதால், இதை மற்ற எந்தப் பல்கலைக்கழகத்தையும்விட அதிகமாக அங்கே சொல்லித்தர வேண்டும்.

சேர நினைப்பவர் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் நாளில் சேப்பலையும் நூலகத்தையும்தான் காட்டுவார்கள். கடந்த ஆண்டின் பயிற்சிப் பதிவேடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வண்ணப் பேனாவும் படங்களுமாக இருந்து, திருத்தம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து இருந்தால் புரிந்துகொள்ளலாம். கல்வியியல் பேராசிரியர்கள் கடைசியாக எப்போது ஒரு பள்ளி வகுப்பில் பாடம் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கடந்த மூன்றாண்டில் எத்தனை பேர் பயிற்சியில் தேறவில்லை என்று கேளுங்கள். 'ஒருவரும் இல்லை' என்று பெருமையோடு சொன்னால் அடுத்த இடத்தைப் பாருங்கள். வேலைக்குப் போன முதல் ஆண்டில் பல்கலைக்கழகம் தொடர்பில் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. மாதம் ஒரு முறை, 8 அல்லது 10 புதிய ஆசிரியர்கள், ஒன்றரை மணி நேரம், ஒருவர் ஒரு பிரச்சினையைக் கொண்டுவருவார், அவர் வகுப்பின் அரைத்தாள்கள் மேசையில் இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கு ஒரு பேராசிரியரின் வேலை நேரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா, அல்லது ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் சேர்த்துவிட்டு அதையே தொடர்பு என்கிறார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.